புயலுக்குப் பிந்தைய இரண்டாவது வாரம்: எளியோர் குடியிருப்புகளுக்கு உதவும் முறை

புயல் ஓய்ந்த முதல் மூன்று நாள்களில் சென்னையில் உணவுப் பொட்டலங்களுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. ஒரே தெருவுக்கு நான்கு வண்டிகளில் சாம்பார் சாதம் வந்து இறங்கும். அதற்கு அடுத்த சந்தில் எவரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். வண்டிகளின் வரத்து நின்றுபோகும் இரண்டாவது வாரத்தில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது.

முதலில், வந்தது எத்தகைய புயல் என்பதைப் பார்க்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயல் காற்றால் அழித்தது. கூரைகள் பறந்தன, மரங்கள் சாய்ந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் ஆந்திரக் கரையைத்தான் கடந்தது என்றாலும், இங்கே மழையால் வீடுகளை மூழ்கடித்தது. முன்னதற்குத் தகர ஷீட்டும் தார்ப்பாயும் வேண்டும். பின்னதற்குச் சகதி அள்ளும் ஆட்களும், பாயும் அடுப்பும் வேண்டும். எனவே பொருள் திரட்டுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போய்க் கேட்பதே சரி. மகளிர் சுயஉதவிக் குழுவினரையோ அங்கன்வாடி ஊழியரையோ உடன் அழைத்துச் சென்றால், வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படும் வீடுகளும் விடுபடமாட்டா. முதல் ஆளாக முன்வந்து பட்டியல் நீட்டுபவரை மட்டும் நம்பிவிடக் கூடாது.

பணம் குறைவாக இருந்தால் அதைத் தொழில் கருவிகளுக்கே செலவிடுங்கள் என்பது என் கருத்து. இட்லிக் கடை நடத்தும் பெண்ணுக்குப் பத்துக் கிலோ அரிசியைவிட ஓடும் கிரைண்டர் முக்கியம். அது ஓடாத ஒவ்வொரு நாளும் வட்டிக்கடன் ஏறுகிறது. நீரில் மூழ்கிய கிரைண்டரையோ தையல் இயந்திர மோட்டாரையோ, "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சுவிட்ச் போடவே கூடாது. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று (வைண்டிங்) கருகிவிடும். சகதியை நல்ல தண்ணீரால் கழுவி, மெக்கானிக்கைக் கொண்டு பிரித்துக் காயவைத்துச் சோதித்த பிறகே இயக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியே கடைக்குத் தூக்கிச் செல்வதைவிட, ஒரு மெக்கானிக்கைக் குடியிருப்புக்கே வரவழைத்துத் தெருமுனையில் இரண்டு நாள் உட்கார வைத்தால் செலவு குறையும். மீனவர்களின் கணக்கு வேறு. 2023 வெள்ளத்தின்போது எண்ணூரில் எண்ணெய்க் கழிவு பரவிப் படகுகளிலும் வலைகளிலும் அப்பிக்கொண்டது. அத்தகைய நிலையில் வலையைத் தூக்கி எறிவதற்கு முன் படம் எடுத்து, எண்ணிக்கையை எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். பின்னால் இழப்பீடு கேட்க அதுவே சான்று.

அடுத்தது ஆவணங்கள். மிக்ஜாமுக்குப் பிறகு தமிழக அரசு வழங்கிய 6,000 ரூபாய் நியாய விலைக் கடைகள் வழியாகவே வந்தது. குடும்ப அட்டை தொலைந்தவர்களும், அட்டையில் சொந்த ஊர் முகவரியை வைத்துக்கொண்டு இங்கே வாடகைக்கு இருப்பவர்களும் இத்தகைய நேரத்தில்தான் திண்டாடுகிறார்கள். நனைந்து ஒட்டிக்கொண்ட தாள்களை இழுத்துப் பிரிக்காமல், செய்தித்தாள் மேல் பரப்பி நிழலில் காற்றாட உலர்த்தச் சொல்லுங்கள். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். பிறகு நான்கைந்து பேரைச் சேர்த்து இ-சேவை மையத்துக்கு நீங்களே கூட்டிச் செல்லுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க அவர்களால் இயலாது என்பதை நினைவில் வைத்து, போக்குவரத்துச் செலவையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூரை போடும்போது ஷீட்டின் மேல் செங்கல்லையும் பழைய டயரையும் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது நம் ஊர் வழக்கம். பலத்த காற்றில் அந்தச் செங்கல்லே பறந்து அடுத்த வீட்டுக் குழந்தை மேல் விழும். காற்று முதலில் கூரை விளிம்பின் அடியில் புகுந்துதான் ஷீட்டைத் தூக்குகிறது. ஆகவே விளிம்பை அதிகம் நீட்டாமல், ஷீட்டைச் சட்டத்தோடு கொக்கிபோல் பிடிக்கும் ஜே போல்ட்டுகளை ஓரங்களில் நெருக்கமாகப் போட்டு, கூரைச் சட்டங்களைச் சுவரோடு இறுகப் பிணைக்க வேண்டும். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளை அறுத்து மீண்டும் பயன்படுத்தாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

குடிநீரைக் கொதிக்க வைத்தே பருகச் சொல்லுங்கள். வெள்ளத்தில் நடந்தவருக்கு அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், நீரில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். எலிக் காய்ச்சலைக் கண்டறிய அத்தகவல் உதவும்.

பொங்கல் முடிந்ததும் அதே நோட்டுப் புத்தகத்தோடு அதே வீடுகளுக்கு இன்னொரு முறை போங்கள். எந்தக் கிரைண்டர் ஓடுகிறது, எது அடகுக் கடைக்குப் போய்விட்டது என்பது அப்போதுதான் தெரியும்.