ஒப்பந்தம் உருவாகிவிட்டதா, கோர்ட்டில் நிற்குமா? சரிபார்க்கும் முறை

வியாபாரத் தகராறு என்று வக்கீலிடம் போனால் அவர் முதலில் கேட்பது கடிதப் போக்குவரத்தைத்தான். கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர், மெயில், வாட்ஸ்அப் செய்தி, டெலிவரி சலான், இன்வாய்ஸ் எல்லாம் தேதிவாரியாக வேண்டும் என்பார். இரு தரப்பும் கையெழுத்திட்ட தாள் ஒன்று இல்லாமலேயே ஒப்பந்தம் உருவாகியிருக்கலாம். அப்படி ஒரு தாள் இருந்தும் அது செல்லாமல் போகலாம். எனவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: ஒப்பந்தம் உருவானதா? உருவானதை நீதிமன்றம் நிறைவேற்றித் தருமா?

கீழே உள்ளவை இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். இந்தியாவில் இதே கொள்கைகள் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவு பிரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. விலகிப் போகும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

முதல் வேலை: காகிதங்களை அடுக்குவது

எல்லாத் தகவல்களையும் தேதி வரிசையில் வையுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அது என்ன என்று ஒரு சொல் எழுதுங்கள்: விசாரிப்பு, முன்மொழிவு, எதிர் முன்மொழிவு, ஏற்பு. பெரும்பாலான தகராறுகள் இந்த ஓரக் குறிப்பிலேயே தெளிந்துவிடும்.

விலைப் பட்டியலும் பொருள் பட்டியலும் (கேட்டலாக்) பொதுவாக முன்மொழிவு ஆகாது. பேச வாருங்கள் என்ற அழைப்பு மட்டுமே. கேட்டதற்கு விலை சொல்வதும் விற்கச் சம்மதித்ததாகாது. ஜமைக்காவில் இருந்த ஒரு நிலத்தைப் பற்றி, ‘விற்பீர்களா? குறைந்தபட்ச ரொக்க விலை என்ன?’ என்று தந்தி போனது. ‘குறைந்தபட்ச விலை 900 பவுண்டு’ என்று மட்டும் பதில் வந்தது. அந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்டவர்கள் அறிவித்தும் ஒப்பந்தம் இல்லை என்று, பிரிட்டிஷ் காலனிகளின் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1893-இல் சொல்லிவிட்டது. இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. மருந்தைப் பயன்படுத்தியும் காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருகிறோம், அதற்காக வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருக்கிறோம் என்று விளம்பரம் செய்த கார்பாலிக் ஸ்மோக் பால் நிறுவனம், அது வெறும் விளம்பரம்தான் என்று 1892-இல் வாதாடித் தோற்றது. எதிராளி ‘சரி’ என்று சொன்ன பிறகு இந்தப் பக்கம் முடிவெடுக்க ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பாக்கி இல்லையென்றால் அது முன்மொழிவு.

பேரம் பேசும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 1,000 பவுண்டுக்கு வந்த முன்மொழிவுக்கு 950 தருகிறேன் என்றால் 1,000 என்பது அந்த நொடியே செத்துவிடுகிறது. 950 மறுக்கப்பட்ட பின் ‘சரி, 1,000-க்கே எடுத்துக்கொள்கிறேன்’ என்றாலும் பயனில்லை; 1840-இல் ஹைட் எதிர் ரெஞ்ச் வழக்கில் நடந்தது இதுதான். முன்மொழிவைக் கொல்லாமல் பேரம் பேச வேண்டுமானால் கேள்வியாகக் கேளுங்கள். ‘டெலிவரியை இரண்டு மாதத்துக்குப் பிரித்துத் தர முடியுமா?’ என்பது விசாரிப்பு. ‘இரண்டு மாதத்துக்குப் பிரித்துத் தந்தால் எடுக்கிறோம்’ என்பது எதிர் முன்மொழிவு.

‘இந்தக் கொட்டேஷன் 30 நாள் செல்லும்’ என்ற வரியை நம்பி வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். தனியாக ஒரு தொகை கொடுத்து அந்தக் கால அவகாசத்தை வாங்கியிருந்தால் தவிர, நீங்கள் ஏற்பதற்கு முன் முன்மொழிந்தவர் அதைத் திரும்பப் பெறலாம். 1980-ஆம் ஆண்டின் வியன்னா சரக்கு விற்பனை உடன்படிக்கைக்கு உட்பட்ட ஏற்றுமதி இறக்குமதியில் இதற்கு நேர்மாறு: ஏற்கக் காலம் குறித்துத் திரும்பப் பெற முடியாததாகக் கொடுத்த முன்மொழிவை இடையில் பிடுங்க முடியாது.

ஏற்பு எதிராளிக்குப் போய்ச் சேர வேண்டும். தபாலில் போட்டவுடனே ஏற்பு முடிந்தது என்ற 1818-ஆம் ஆண்டு விதி தபாலுக்கு மட்டும்தான். தொலைபேசி, டெலக்ஸ் போன்ற உடனடித் தொடர்புகளில் ஏற்பு சேர்ந்த இடமும் நேரமும் கணக்கு. மெயிலுக்கும் இதே வழியில் போவதுதான் பாதுகாப்பு, ஆகவே பதில் மெயிலில் ‘கிடைத்தது’ என்று ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்’ என்று நீங்களாக எழுதி எதிராளியைக் கட்டிப்போட முடியாது. ஆனால் நடத்தை கட்டும்: சரக்கை இறக்கிப் பயன்படுத்தியவர் நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று தப்ப முடியாது. கட்டைவிரல் படம்கூடக் கட்டும். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஆளி விதைக் கொள்முதல் ஒப்பந்தத்தின் படத்தை வியாபாரி செல்பேசியில் அனுப்ப, விவசாயி கட்டைவிரல் குறியோடு நிறுத்திக்கொண்டார். சரக்கு வரவில்லை. முந்தைய ஒப்பந்தங்களையும் அவர் ‘ஓகே’ போன்ற ஒற்றைச் சொல்லிலேயே உறுதி செய்து சரக்கும் கொடுத்திருந்ததால், 2023-இல் நீதிமன்றம் அந்தக் குறியைக் கையொப்பத்துக்குச் சமமாக எடுத்துக்கொண்டு 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது.

யாருடைய நிபந்தனைகள்?

நடைமுறையில் அதிகம் சிக்கும் இடம் இது. விற்பவரின் கொட்டேஷன் பின்பக்கத்தில் ஒரு பக்க நிபந்தனை. வாங்குபவரின் பர்ச்சேஸ் ஆர்டர் பின்பக்கத்தில் வேறொரு பக்கம். இரண்டையும் யாரும் படிப்பதில்லை, வேலை ஓடிக்கொண்டிருக்கும்.

பட்லர் மெஷின் டூல் என்ற நிறுவனம் 1969 மே மாதம் ஓர் இயந்திரத்தை 75,535 பவுண்டுக்குத் தருவதாகக் கொட்டேஷன் கொடுத்தது. டெலிவரியின்போது செலவு கூடியிருந்தால் விலையும் கூடும் என்ற நிபந்தனை அதில் இருந்தது. வாங்குபவர் தன் நிபந்தனைகளோடு ஆர்டர் அனுப்பினார். விலை உயர்வு பற்றி அதில் ஒன்றுமில்லை. ஆர்டர் தாளின் அடியில் கிழித்து அனுப்பும் துண்டுச் சீட்டு ஒன்று: ‘உங்கள் ஆர்டரை அதில் கண்ட நிபந்தனைகளின்படி ஏற்கிறோம்.’ பட்லர் அந்தச் சீட்டில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பியது, கூடவே தன் கொட்டேஷனைக் குறிப்பிட்ட ஒரு கடிதத்தையும் வைத்தது. பின்னால் 2,892 பவுண்டு கூடுதலாகக் கேட்டபோது மேல்முறையீட்டு நீதிமன்றம் தர வேண்டியதில்லை என்றது. ஆர்டர் எதிர் முன்மொழிவு, துண்டுச் சீட்டு அதன் ஏற்பு, உடன் போன கடிதம் இயந்திரத்தையும் விலையையும் அடையாளம் காட்டியதோடு சரி.

ஆர்டர் வந்தவுடன் செய்ய வேண்டியவை இவை. அதன் நிபந்தனைகளைக் கொட்டேஷனோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மாறுபாடு இருந்தால் ஏற்புச் சீட்டில் கையெழுத்திடாதீர்கள், வேலையையும் தொடங்காதீர்கள். எந்த வரி மாற வேண்டும் என்று எழுதி, திருத்திய ஆர்டர் கேளுங்கள். இன்வாய்ஸில் புது நிபந்தனை அச்சடிப்பது வீண் வேலை. அது வரும்போது ஒப்பந்தம் முடிந்திருக்கும்.

ஓட்டைகள்

சம்மதம் இருந்தும், எதற்குச் சம்மதித்தார்கள் என்று நீதிபதியால் சொல்ல முடியாவிட்டால் ஒப்பந்தம் இல்லை. ‘விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்பது மிக ஆபத்தான வரி. ‘தவணைக் கொள்முதல் அடிப்படையில்’ என்று மட்டும் எழுதிய வேன் விற்பனை ஒன்றை, எந்தத் தவணை, எத்தனை மாதம் என்று தெரியவில்லை என்று 1941-இல், அன்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. இருந்தும் 1932-இல் இதே சபை, விவரம் குறைவாக எழுதிய ஒரு மரக் கொள்முதல் உரிமையை நிலைநிறுத்தியது. அந்தத் தொழிலின் வழக்கமும் அதே தரப்பினரின் முந்தைய ஆண்டுக் கொள்முதலும் இடைவெளியை நிரப்பப் போதுமானவையாக இருந்தன. முதல்முறை வியாபாரம் செய்பவருக்கு இந்த ஆதரவு கிடையாது. பொருளின் தரக் குறிப்பு, அளவு, விலை, டெலிவரி இடமும் தேதியும், பணம் தரும் நாள் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். விலையை இப்போது சொல்ல முடியாதென்றால் கணக்கிடும் சூத்திரத்தையோ, முடிவு செய்யும் மூன்றாம் நபரையோ எழுதுங்கள்.

ஒப்பந்தம் தயாராகும்வரை ‘வேலையைத் தொடங்குங்கள்’ என்று விருப்பக் கடிதம் கொடுப்பது கட்டுமானத்தில் சகஜம். பிரிட்டிஷ் ஸ்டீல் அப்படி வந்த கடிதத்தை நம்பி 137 எஃகு இணைப்புகளைச் செய்து கொடுத்தது. நிபந்தனைகள் கடைசிவரை முடிவாகவில்லை. ஒப்பந்தமே உருவாகவில்லை என்று நீதிமன்றம் சொன்னது, ஆனாலும் செய்த வேலைக்கு நியாயமான தொகையாக ஏறத்தாழ 2,29,800 பவுண்டு கிடைத்தது. வாங்கியவர் தாமதத்துக்காகக் கேட்ட 8,67,000 பவுண்டுக்கு மேற்பட்ட எதிர்க்கோரிக்கை விழுந்தது: ஒப்பந்தம் இல்லாத இடத்தில் மீறுவதற்குக் கெடு ஏது? விருப்பக் கடிதம் கொடுப்பவர்கள் இந்தப் பாதியைத்தான் மறந்துவிடுகிறார்கள். உச்சவரம்புத் தொகை, கெடு, நிறுத்தும் உரிமை ஆகிய மூன்றையும் கடிதத்திலேயே எழுதினால் அதுவே ஒரு சிறு ஒப்பந்தமாக நிற்கும்.

மறுபயன்

ஒருவர் தரும் வாக்குறுதிக்கு ஈடாக மற்றவர் ஏதாவது தரவோ, செய்யவோ, செய்யாமல் விடவோ வேண்டும். இரண்டும் சமமதிப்பாக இருக்க வேண்டியதில்லை. புது ஒப்பந்தத்தில் இது தானாக வந்துவிடும். சிக்கல் வருவது நடுவில் விலையை மாற்றும்போதும் பாக்கியைக் குறைக்கும்போதும். கூடுதல் பணம் தருவதாக இருந்தால், பதிலுக்கு எதிராளி புதிதாக என்ன தருகிறார் என்று ஒரு வரி சேர்த்துத் திருத்த ஒப்பந்தம் போடுங்கள்.

பாக்கியைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு விதி தலைகீழாகிறது. இங்கிலாந்தில் 10 லட்சத்துக்குப் பதில் 7 லட்சம் வாங்கிக்கொண்டு ‘கணக்கு முடிந்தது’ என்று எழுதிக் கொடுத்தவர்கூட, ஃபோக்ஸ் எதிர் பீர் வழக்கின்படி மீதியைக் கேட்க வழியிருக்கிறது. இந்தியாவில் ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மறுபயன் இல்லாமலே விட்டுக்கொடுக்கலாம், கொடுத்தால் போனதுதான். ஆகவே பகுதித் தொகை வாங்கும்போது ‘கணக்கில் வரவு, மீதி நிலுவை’ என்று ரசீதில் எழுதுங்கள்.

வணிகத்தில் சட்டப்படி கட்டுப்படும் நோக்கம் இருப்பதாகவே நீதிமன்றம் தொடங்கும். அது வேண்டாமென்றால் ‘முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை கட்டுப்படுத்தாது’ என்று ஒவ்வொரு வரைவிலும் போடுங்கள். போட்டுவிட்டு வேலையையும் தொடங்கினால் அந்த வரி கரைந்துவிடக்கூடும்; 2010-இல் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் ஆர்டிஎஸ் எதிர் முல்லர் வழக்கில் அப்படித்தான் முடிவு செய்தது.

கையெழுத்திடுபவர் யார்?

நிறுவனத்தோடு ஒப்பந்தம் என்றால் பதிவு எண், சரியான பெயர், கையெழுத்திடுபவரின் பதவி, அவருக்கு அதிகாரம் தந்த இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகல் ஆகியவற்றை வாங்குங்கள். இன்னும் பதிவாகாத நிறுவனத்தின் பெயரில் கையெழுத்திட்டால் கையெழுத்திட்டவர்தான் மாட்டுவார். இந்தியாவில் பதிவு செய்யாத கூட்டாண்மை நிறுவனம் ஒப்பந்த உரிமைக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது; அதன் மீது மற்றவர்கள் போடலாம். 18 வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் அங்கே தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903-இல் தீர்மானமானது. இங்கிலாந்தில் அத்தியாவசியப் பொருள்களுக்கு மைனர் நியாய விலை தந்தாக வேண்டும்.

உருவானது எங்கே உடைகிறது?

மிரட்டல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல் ஆகியவற்றால் வந்த சம்மதம் ஒப்பந்தத்தைத் தானாகச் சாகடிப்பதில்லை. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ரத்து செய்யலாம். இங்கே தாமதம்தான் எதிரி. பொய் தெரிந்த பிறகும் சரக்கு வாங்கிக்கொண்டும் தவணை கட்டிக்கொண்டும் இருந்தால் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும். தெரிந்த அன்றே எழுத்தில் எதிர்ப்பைச் சொல்லுங்கள்.

நோக்கமே சட்டவிரோதமானால் ஒப்பந்தம் செல்லாது, கொடுத்த பணத்தை மீட்பதும் கடினம். வேலையை விட்டபின் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை இந்தியாவில் 27-ஆம் பிரிவால் செல்லாததாகிறது. தொழிலின் நற்பெயரை விற்றவருக்கு மட்டும் விலக்கு. இங்கிலாந்தில் காலமும் பரப்பும் நியாயமாக இருந்தால் நிற்கும்.

வாய்மொழி ஒப்பந்தம் பெரும்பாலும் செல்லும், நிரூபிப்பதுதான் பாடு. ஆனால் சிலவற்றுக்கு எழுத்து கட்டாயம். இங்கிலாந்தில் நில விற்பனையும் ஜாமீன் உறுதியும் அப்படி; அமெரிக்க மாநிலங்களில் பொதுவாக 500 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள சரக்கு விற்பனை. மெயிலின் அடியில் தட்டிய பெயரே கையொப்பமாகலாம் என்று இங்கிலாந்தில் 2012-இல் தீர்ப்பானது. இந்தியாவில் முத்திரைத் தீர்வை கட்டாத ஆவணம் செத்ததாகாது, ஆனால் தீர்வையும் அதன் 10 மடங்கு வரை போகக்கூடிய அபராதமும் கட்டும்வரை சாட்சியமாக ஏற்க மாட்டார்கள்.

மீறினால் என்ன கிடைக்கும்?

மீறலால் இயல்பாக வரும் நஷ்டமும், ஒப்பந்தம் செய்யும்போதே இருவருக்கும் தெரிந்திருந்த சிறப்பு நஷ்டமும் கிடைக்கும். ஆலையின் சுழல்தண்டு உடைந்து, அதை எடுத்துப் போனவர் தாமதித்ததால் ஆலை நின்றது. நின்ற நாள்களின் லாபம் கிடைக்கவில்லை, காரணம் தண்டு இல்லாமல் ஆலை ஓடாது என்பது எடுத்துப் போனவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. 1854-ஆம் ஆண்டின் இந்த ஹேட்லி வழக்கு இன்றும் ஆளுகிறது. உங்கள் உற்பத்தி ஒரு பாகத்தை நம்பியிருந்தால் அதை ஆர்டரிலேயே எழுதுங்கள்.

தாமதத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை போடலாம். இந்தியாவில் 74-ஆம் பிரிவுப்படி அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமானதுதான் கிடைக்கும். அந்த எண் எப்படி வந்தது என்று கணக்கிட்ட தாளைக் கோப்பில் வைத்திருங்கள்.

வழக்குப் போடக் காலவரம்பு இந்தியாவில் மீறிய நாளிலிருந்து 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6, அங்கே ‘டீட்’ எனப்படும் முறைப்படியான பத்திரமானால் 12. கடனாளி காலம் முடிவதற்குள் எழுத்தில் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் கணக்கு அன்றிலிருந்து புதிதாக ஓடும். காலம் கடந்தபின் வந்த ஒப்புதலுக்கு அந்த வலு கிடையாது. இந்தியாவில் அப்போது வாங்க வேண்டியது, ‘பாக்கி இருக்கிறது’ என்ற வரியை விட ஒரு படி மேலே, ‘இந்தப் பாக்கியைக் கட்டுகிறேன்’ என்று கையெழுத்தோடு எழுதிய வாக்குறுதி. 25-ஆம் பிரிவின்படி அதற்கு மறுபயன் தேவையில்லை.