பழைய குறிசுடு ரைஃபிளையும் அதன் தொலைநோக்கியையும் சோதிப்பது எப்படி? முதலில், துடைக்காதீர்கள்

கம்மவான்பேட்டைக்குப் போன மாதம் போயிருந்தேன். வேலூரிலிருந்து கணியம்பாடிப் பக்கம் இருக்கும் ஊர். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பார் என்று பெயரெடுத்தது. அங்கே ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், 1960களில் வாங்கிய பாயிண்ட் 22 (.22 அங்குலக் குழல்) ரைஃபிளைத் தன் பேத்தி பெயருக்கு மாற்ற நினைக்கிறார். பேத்தி கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டுப் பழகியவள். துப்பாக்கி இன்னும் தேறுமா, அதன் மேலிருக்கும் தொலைநோக்கி உருப்படியானதா என்று பார்த்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வாசலிலேயே ஐயா சொன்னார்: "வாருங்கள் தம்பி. நீங்கள் வருகிறீர்கள் என்று நேற்றே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளவென்று வைத்திருக்கிறேன்."

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பழைய துப்பாக்கியின் மேலிருக்கும் அழுக்கு, துரு, காய்ந்த பிசின் எல்லாம் சாட்சிகள். எங்கே கை பட்டது, எங்கே ஈரம் நின்றது, எந்தத் திருகைப் பிறகு யாரோ கழற்றினார்கள் என்பதை அவைதான் சொல்லும். துடைத்துவிட்டால் சாட்சி போய்விடும். உப்புத்தாள் போட்டால் இரும்பின் நீலக் கறுப்புப் பூச்சும் சேர்ந்து போய்விடும். எனவே வீட்டில் இப்படி ஒன்று இருந்தால், கையில் துணியை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்.

முதல் படி: காகிதம்

துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் உரிமப் புத்தகத்தைத் தொடுங்கள். "பழசுதானே, லைசென்ஸ் எதற்கு?" என்று கேட்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். .22 தோட்டா இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதைச் சுடும் துப்பாக்கிக்கு வயது என்னவாக இருந்தாலும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பொருந்தும். உரிமம் பெற்றவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பாருங்கள். அவர் காலமாகிவிட்டார் என்றால், துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு உரிமத்துக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். சோதனையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உரிமத்தில் உள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். மங்கிய எண்ணின் மேல் சாக்பீஸ் தூளை விரலால் தேய்த்தால் பள்ளத்தில் வெள்ளை நின்று எழுத்து தெளியும். ஐயாவின் புத்தகத்தில் ஒரு 3, எப்போதோ புதுப்பித்தபோது 8 ஆகியிருந்தது. இதைத் திருத்தாமல் பெயர் மாற்றம் நடக்காது. துப்பாக்கியில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் இந்த ஒரு எழுத்து ஆறு மாதம் அலைக்கழிக்கும்.

இரண்டாம் படி: காலி என்று கண்ணால் பார்ப்பது

யார் "காலிதான்" என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். குழலை வெறும் மண் சுவரை நோக்கி வைத்து, விசைக்கு வெளியே விரலை வைத்துக்கொண்டு, தோட்டா உட்காரும் அறையைத் திறந்து பாருங்கள். ஐயாவுடையது பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த மார்ட்டினி இன்டர்நேஷனல், கைப்பிடிக்குக் கீழே உள்ள நெம்புகோலை இறக்கினால் உள்ளே இரும்புக் கட்டை சரிந்து அறை மேலிருந்தே தெரியும். அதன் வாயைச் சுண்டு விரலாலும் தடவிப் பாருங்கள். மற்றத் தோட்டாக்கள் நீங்கள் உட்கார்ந்து சோதிக்கும் இடத்திலேயே இருக்கக் கூடாது. வீட்டின் வேறொரு அறையில் பூட்டி வையுங்கள். துப்பாக்கி கை மாறும் ஒவ்வொரு முறையும் இதே சடங்கு. பேத்தியிடம் மூன்று முறை கொடுத்து வாங்கினேன். மூன்றாவது முறை அவள் நெம்புகோலை இறக்காமல் வாங்கிக்கொண்டாள். திருப்பி வாங்கி மறுபடியும் கொடுத்தேன்.

மூன்றாம் படி: முத்திரைகள்

நெம்புகோலை இறக்கினால் இரும்புக் கட்டை சரியும் இந்த அமைப்பின் வேர் அமெரிக்கரான பீபாடியுடையது; சுவிட்சர்லாந்தில் மார்ட்டினி அதைச் செம்மைப்படுத்தினார்; 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் மார்ட்டினி ஹென்றியாக ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் பர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ. அதே தத்துவத்தைச் சிறிதாக்கிக் குறிசுடும் ரைஃபிள்களைச் செய்தது. குழலின் பின்பகுதியில் கிரீடத்தின் கீழ் பி.என்.பி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால், அது 1954க்குப் பிறகு பர்மிங்ஹாம் சோதனைச் சாலையில் அழுத்தம் சோதிக்கப்பட்ட குழல். அதற்கு முந்தியவற்றில் பி.பி., பி.வி., என்.பி. என்று தனித்தனிக் கிரீடங்கள் இருக்கும். ஐயாவுடையதில் இருந்தது பி.என்.பி.; அவர் சொன்ன 1960களோடு அது ஒத்துப்போனது. சொல்லும் கதையும் முத்திரையும் ஒத்துப்போகவில்லை என்றால், குழலை யாரோ மாற்றியிருக்கலாம்.

நான்காம் படி: குழல்

மதிப்பில் பெரும்பங்கு இங்கேதான். நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறையைத் திறந்து வைத்து, அதன் பின்னால் சிறிய வெள்ளைக் காகிதத்தைச் சாய்த்து நிறுத்தி, டார்ச் வெளிச்சம் காகிதத்தில் பட்டு உள்ளே திரும்பும்படி செய்யுங்கள். இப்போது முனை வழியாகப் பாருங்கள். சுருள் பள்ளங்கள் கூர்மையான விளிம்போடு ஓட வேண்டும். .22 ரைஃபிளில் இந்தச் சுருள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. கரும்புள்ளிகள் தெரிந்தால் துருக்குழிகள். 1920களின் இறுதிக்கு முன் வந்த தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து உப்புப் படிவை விட்டுச் செல்லும். அந்தக் காலக் குழல்களில் இது சாதாரணம். 1960களின் துப்பாக்கியில் இருந்தால் பராமரிப்பு சரியில்லை என்று பொருள்.

குறுக்கே ஒரு கறுப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கவனம். உள்ளே ஒரு குண்டு சிக்கியிருந்தபோது அடுத்ததைச் சுட்டு, அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கலாம். வெளிப்புறத்தை இரண்டு விரலால் மெதுவாக நீவுங்கள். கண்ணுக்குத் தெரியாத உப்பலும் விரலுக்குத் தெரியும். உப்பிய குழலை விட்டுவிடுங்கள்.

அடுத்து முனை. குண்டு கடைசியாக விடைபெறும் விளிம்பு அது. ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு குண்டையும் கொஞ்சம் சாய்த்தே அனுப்பும். மார்ட்டினியில் பின்னால் இரும்புக் கட்டை மறிப்பதால், சுத்தம் செய்யும் கம்பியை முனை வழியாகத்தான் விடுவார்கள். அறுபது வருடம் கம்பி உரசினால் என்ன ஆகும்? கிணற்று வாயில் கயிறு அறுத்த கல்லைப் பார்த்திருப்பீர்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை விளிம்பின் உட்புறமாகச் சுற்றி இழுங்கள். பஞ்சு இழை எங்காவது மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. ஐயாவின் குழலில் ஆறு மணி திசையில் மாட்டியது. நல்ல துப்பாக்கிப் பழுதாளர் விளிம்பை மறுபடி வெட்டிச் சமன்செய்ய முடியும் என்பதால் இது சாவு மணி அல்ல. பேரம் பேசினால் விலையில் கழிக்க வேண்டிய குறை, அவ்வளவுதான்.

அறையின் விளிம்பையும் பாருங்கள். .22 தோட்டாவில் மருந்து அடிவிளிம்புக்குள் இருக்கிறது. சுடும் ஊசி அந்த விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் விசையை அழுத்தி விளையாடியிருந்தால் ஊசி நேரே இரும்பில் அடித்துச் சின்னப் பள்ளம் போட்டிருக்கும். அதனால்தான் "ஒரு தடவை அழுத்திப் பார்க்கட்டுமா?" என்று கேட்கிற உறவினர்களை நான் வெளித் திண்ணையில் உட்காரவைப்பேன்.

ஐந்தாம் படி: விசையும் கட்டையும்

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறைந்துவிடும். மே மாத வேலூரில் இது யாருக்கும் நினைவுக்கு வராது. மார்கழி விடியலில் ஏலகிரியில் ஒரு முறை என் நண்பரின் ரைஃபிளில் விசை பாதியிலேயே நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளை மெழுகு. காய்ந்த பழைய எண்ணெய் இன்னும் மோசம், வார்னிஷ் போலப் பிடித்துக்கொள்ளும். விசை மந்தமாக இருந்தால் உடனே கோளாறு என்று முடிவுகட்டாதீர்கள், எண்ணெயாக இருக்கலாம். ஆனால் விசை இழுவை மிக இலேசாக இருந்தால் பயப்படுங்கள். தோட்டா போடாமல், நெம்புகோலை இறக்கி மூடி ஊசியை அடிக்கத் தயாராக வைத்து, அடிக்கட்டையை ரப்பர் பாயில் இலேசாகத் தட்டுங்கள். ஊசி தானாக விடுபட்டால் அன்றைய சோதனை முடிந்தது. பழுதாளரிடம் போக வேண்டும்.

தோளில் வைக்கும் கட்டை பெரும்பாலும் வால்நட் மரம். கைப்பிடியின் ஒடுங்கிய இடத்தில் முடி போன்ற வெடிப்பு இருக்கிறதா, அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே செல்லரித்திருக்கிறதா என்று பாருங்கள். பரணில் கிடந்தவற்றில் கரையான் உள்ளே குடியிருந்து, வெளியே மரம் அழகாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். விரல் முட்டியால் தட்டினால் ஓசை சொல்லிவிடும்.

ஆறாம் படி: தொலைநோக்கி

ஐயா இதை அந்தக் காலத்தில் ஓர் அதிகாரியிடம் வாங்கினாராம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் செய்த உனெர்ட்ல், 10 மடங்கு. இன்றைய தொலைநோக்கிகளைப் போல இதில் திருகுகள் குழாய்க்குள் இல்லை. குழாய் முழுவதும் இரண்டு தாங்கிகளுக்குள் அசைகிறது, பின் தாங்கியில் உள்ள திருகு அளவிகள் அதைத் தள்ளுகின்றன. இயற்பியல் ஆய்வகத்தில் பார்த்த திருகு அளவியேதான்.

முதலில் அதைத் துப்பாக்கியிலிருந்து கழற்றுங்கள். தொலைநோக்கியால் தெருவைப் பார்க்க ஆசைப்பட்டு, துப்பாக்கியோடு மொட்டை மாடியில் நின்றால் பக்கத்து வீட்டார் காவல் நிலையத்துக்கு போன் செய்வார்கள், செய்யவும் வேண்டும்.

கழற்றியதை, இரண்டு பக்கமும் வி வடிவில் வெட்டிய அட்டைப் பெட்டியில் வைத்துத் தொலைவில் உள்ள மலைப் பாறையைப் பாருங்கள். வேலூரைச் சுற்றி மொட்டை மலைகளுக்குப் பஞ்சமில்லை. சூரியன் பக்கம் மட்டும் திருப்பக் கூடாது. குழாயை மெதுவாக உருட்டும்போது குறுக்கிழைகளின் சந்திப்பு பாறையின் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். வட்டம் போட்டால் இழையோ லென்ஸோ நடுவிலிருந்து நகர்ந்திருக்கிறது. பழைய கருவிகளில் இழை சிலந்தி நூலாகவும் இருக்கும், மெல்லிய கம்பியாகவும் இருக்கும். அறுந்தால் மாற்றுவது சுலபமல்ல, ஆகவே தட்டிப் பார்க்க வேண்டாம்.

பிறகு இருட்டில், முன் லென்ஸ் வழியாகச் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளைத்தால் பூஞ்சை. விளிம்பிலிருந்து வானவில் நிறமோ தேன் நிறமோ உள்ளே படர்ந்தால், இரண்டு லென்ஸ்களை ஒட்டிய பசை விட்டுப்போகிறது. அந்தக் காலத்தில் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டுவார்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலில் தகரப் பெட்டிக்குள் கிடந்தால் அது தாங்காது. ஐயாவுடையதில் தேன் நிறம் விளிம்பில் மட்டும் நின்றிருந்தது. நடுவில் படம் தெளிவு.

கண் அருகே வைத்துத் தலையை இடவலமாக அசையுங்கள். குறுக்கிழை இலக்கின் மேல் நகர்ந்தால், முன் லென்ஸின் தூர வளையம் அந்தத் தூரத்துக்குச் சரியாக வைக்கப்படவில்லை. வளையத்தைத் திருப்பியும் நகர்வு நிற்கவில்லை என்றால்தான் குறை.

இனி கிளிக் கணக்கு, அதாவது திருகு அளவி ஒவ்வொரு 'டிக்' ஓசைக்கும் எவ்வளவு நகர்த்துகிறது என்பது. இந்தத் தாங்கிகள் 7.2 அங்குலம், அதாவது சுமார் 183 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால், ஒரு கிளிக் 100 கஜத்தில் கால் அங்குலம். 50 மீட்டரில் சுமார் 3.5 மில்லிமீட்டர். இடைவெளியை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். யாரோ 160இல் பொருத்தியிருந்தால் ஒரு கிளிக் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் ஆகிவிடும். கருவி கெட்டுவிட்டது என்று வீணாகக் குழம்புவீர்கள். சுடுதளத்தில் காலித் துப்பாக்கியைத் தாங்கியில் அசையாமல் இருத்தி, 50 மீட்டரில் கட்டம் போட்ட தாளை வைத்து, பத்து கிளிக் திருப்பினால் இழை 35 மில்லிமீட்டர் நகர வேண்டும். திரும்பப் பத்து கிளிக் வந்தால் புறப்பட்ட கட்டத்துக்கே வர வேண்டும். வரவில்லை என்றால் திருகு தேய்ந்திருக்கிறது, அல்லது எதிர்ப்பக்க வில் சோர்ந்திருக்கிறது. ஐயாவுடையது ஒரு கோட்டின் தடிமன்கூடப் பிசகாமல் திரும்பியது. எனக்கே பொறாமையாக இருந்தது.

ஏழாம் படி: சுட்டுப் பார்ப்பது

வீட்டுத் தோட்டத்தில் அல்ல, பாலாற்று மணலில் அல்ல. பழுதாளர் அறையின் ஆழத்தை அளவுக் கட்டையால் சோதித்து ஒப்புக்கொண்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற சுடுதளத்தில், உரிமதாரரோடு. ஐந்து ஐந்தாகச் சுட்டு, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று அளந்து பாருங்கள். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்; அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒரு வகைத் தோட்டாவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டு மூன்று வகையாவது பாருங்கள்; .22 குழல்களுக்கு நாக்குருசி உண்டு.

பேத்திக்கு ஒரு ஏமாற்றம் காத்திருந்தது. சர்வதேச விதிப்படியான 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் தொலைநோக்கிக்கு அனுமதி கிடையாது; சிறு துளை வழியாகப் பார்க்கும் பின்குறியும் முன்னால் வளையக் குறியும்தான். "அப்படியென்றால் அந்தக் குறி எங்கே, தாத்தா?" என்று கேட்டாள். ஐயா யோசித்தார். பரணில் ஏறி, ஆம்பூரில் தைத்த தோல் உறையை இறக்கினார். உறையின் அடிப்பைக்குள், பழைய பனியன் துணியில் சுற்றி, பார்க்கர் ஹேல் பின்குறி இருந்தது. தொலைநோக்கியைப் பொருத்திய நாளிலிருந்து திறந்ததில்லையாம்.

உறையைப் பார்த்ததும்தான் ஒன்று புரிந்தது. குழலின் இடப்பக்கம் மட்டும் உப்புத்தாள் ஏன் ஆழமாகப் பட்டிருந்தது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கி வருடக்கணக்கில் அந்த உறைக்குள், இடப்பக்கமாகவே படுத்திருந்திருக்கிறது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிடும்போது ஏறிய உப்பும் அதில் இருக்கும். அத்தனை துருவும் அந்தப் பக்கம்தான் இருந்திருக்க வேண்டும். நேற்று வந்திருந்தால் கண்ணாலேயே பார்த்திருப்பேன்.

உறையை வெயிலில் காயப்போட்டு, சுவர் அலமாரியில் வெறுமனே மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன். துப்பாக்கி இப்போது பூட்டிய இரும்பு அலமாரியில், தேங்காய் எண்ணெய் துடைக்கப்பட்டு, துப்பாக்கி எண்ணெய் மெல்லிசாகப் பூசப்பட்டு நிற்கிறது. அந்த 3ஐத் திருத்தும் மனு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது.