பழங்குடி அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழங்குடி மக்களின் பண்பாட்டையும் அவர்கள் வாழும் இயற்கையையும் காட்டும் அருங்காட்சியகத்தை விரிவாக்கும்போது நேரும் மிகப் பெரிய தவறு, கட்டட வரைபடம் முடிந்த பிறகு அம்மக்களை அழைத்துக் கருத்துக் கேட்பதாகும். எதைப் பொதுப்பார்வைக்கு வைக்கலாம், சடங்குப் பொருளை யார் தொடலாம், முன்னோரின் எலும்புகளை எப்படித் திருப்பி அளிப்பது ஆகிய கேள்விகள்தாம் எத்தனை அறைகள் வேண்டும், அவை எங்கே அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. சில சமூகத்தினர் தம் பொருள்களுக்கு முன் மூலிகைப் புகை இடுவார்கள்; காற்றோட்டமும் புகை உணர்கருவிகளும் அதற்கேற்பத் தொடக்கத்திலேயே அமைக்கப்பட வேண்டும். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், 2022இல் மீண்டும் திறந்த, வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரை மக்களைப் பற்றிய கூடத்தை அப்பகுதிப் பழங்குடி ஆலோசகர்களுடன் சேர்ந்தே உருவாக்கியது. அதே அருங்காட்சியகம், காட்சிக்கு வைப்பதற்கும் பழங்குடியினரின் ஒப்புதல் கோரும் அமெரிக்க அரசின் புதிய விதிகள் வந்ததால், 2024 ஜனவரியில் வேறு இரண்டு கூடங்களை மூட நேர்ந்தது.

அடுத்தது, பொருள்களைச் சோதிக்காமல் இடம் மாற்றுவது. பழைய சேகரிப்புகளில் உள்ள இறகு அணிகள், தோலாடைகள், பாடம் செய்த விலங்குகள் பலவற்றில், பூச்சி அரிக்காமலிருக்க ஒருகாலத்தில் ஆர்செனிக்கும் பாதரச உப்பும் பூசப்பட்டன. அந்த நஞ்சு இன்றும் அவற்றில் இருக்கக்கூடும் என்பதால், பொதி கட்டுவதற்கு முன்பே பொருளைச் சேதப்படுத்தாமல் அதிலுள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியால் சோதித்து, முடிவைப் பணியாளர்களுக்கு மட்டுமன்றி உரிய சமூகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். திரும்பப் பெறும் ஆடையை அவர்கள் சடங்கில் மீண்டும் அணியக்கூடும் அல்லவா?

புதிய காட்சிப் பேழைகளிலும் கவனம் தேவை. ஓக் மரமும் மரத்தூள் பலகையும் வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவி, மூடிய பேழைக்குள் சிப்பிகளையும் பறவை முட்டை ஓடுகளையும் மெல்ல அரித்து, மேற்பரப்பில் வெண்ணிற உப்பைப் படியவைக்கும். உலராத வண்ணப்பூச்சும் தீங்கான ஆவிகளை வெளிவிடக்கூடும்; ஆகவே திறப்பு விழா நாளை முன்னிட்டு, வண்ணப்பூச்சு முழுதாக உலரும் முன் பொருள்களை உள்ளே வைக்கக் கூடாது.

நிதி குறையும்போது தீத்தடுப்பையும் மின்கம்பி மாற்றத்தையும் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப்போடுவதை எவ்வகையிலும் ஏற்க இயலாது. 2018 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனிரோவிலுள்ள பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, இன்று பேசுவோரே இல்லாத பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அழிந்தன. கட்டடத்தில் முதல் வேலை தொடங்குவதற்கு முன்பே ஒலிப்பதிவுகளுக்கும் ஆவணங்களுக்கும் படிகள் எடுத்து, ஒரு படியை வேறு ஊரிலும், மற்றொன்றை அவற்றுக்கு உரிய சமூகத்திடமும் ஒப்படைக்க வேண்டும்.