விக்டோரியன் வீட்டின் முன்னறையைப் பழையபடி மீட்பது எப்படி

லண்டனில் பழைய விக்டோரியன் வீடு, அதாவது விக்டோரியா ராணி காலத்தில் கட்டியது, வாங்குகிறவர்கள் முதல் வாரமே செய்யும் தப்பு ஒன்று உண்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு சுவரைத் தட்ட ஆரம்பிப்பது. நானும் செய்தேன். வால்தம்ஸ்டோவில் 1890-களில் கட்டிய வரிசை வீடு, அதன் முன்னறையைத்தான் சொல்கிறேன். அந்த அறையில் நான் புதிதாகச் சேர்த்தது ரொம்பக் குறைவு. முன்னால் இருந்தவர்கள் அறுபது எழுபது வருஷமாக ஒட்டியதையும் பூசியதையும் அடைத்ததையும் எடுத்ததுதான் முக்கால்வாசி வேலை.

முதலில் உங்கள் வீடு 'லிஸ்டட்' கட்டடமா, அதாவது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடமா என்று, பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் பட்டியலில் தேடிப் பாருங்கள், காசு கிடையாது. லிஸ்டட் என்றால் கதவு, கார்னிஸ் (சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் ஓடும் அலங்கார வேலைப்பாடு), கணப்பு உட்பட வீட்டின் உட்புறமும் பாதுகாப்புக்குள் வரும். அதன் தன்மையை மாற்றும் எதையும் கவுன்சிலின் அனுமதி இல்லாமல் செய்தால் அது கிரிமினல் குற்றம்.

அடுத்தது தண்ணீர். அறைக்குள் நின்றுகொண்டு ஓதத்துக்குக் காரணம் தேடாதீர்கள், வெளியே போய் மழை பெய்யும்போது பாருங்கள். என் வீட்டுக்கு ஓதம் பார்க்க வந்த ஒருவர் கருவியைச் சுவரில் குத்தினார், அது சத்தம் போட்டதும், சுவரைத் துளைத்து மருந்து ஏற்றி ஒரு மீட்டர் உயரத்துக்கு சிமென்ட் பூச வேண்டும் என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். உண்மையான காரணம் என்னவென்றால், முன்பக்கத் தோட்டத்தில் யாரோ கல் பதித்துத் தரையை உயர்த்தியிருந்தார்கள், அதில் மரத்தரைக்கு அடியில் காற்று போவதற்கு வைத்த ஓட்டைச் செங்கல்கள் பாதி மூடிப்போயிருந்தன. கல்லைப் பெயர்த்து, செங்கலைத் திறந்து, ஒரு கோடையும் இலையுதிர்காலமும் சும்மா விட்டேன். சுவர் தானாகக் காய்ந்தது.

இதற்குப் பின்னால் இருக்கிற விஷயம் எளிது. அந்தக் காலத்துச் சுவர் பெரும்பாலும் ஒன்பது அங்குலக் கெட்டிச் சுவர், நடுவில் இடைவெளி கிடையாது. ஈரம் உள்ளே வரும், சுண்ணாம்புக் காரை வழியாகத் திரும்ப வெளியே போகும். அதன் மேல் சிமென்டையோ பிளாஸ்டிக் கலந்த எமல்ஷனையோ பூசினால் போகிற வழி அடைபட்டு, ஈரம் உள்ளேயே தங்கி மரத்தை உளுக்க வைக்கும். காரை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சுரண்டுவதற்கு முன் விஷத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர் உப்புத்தாள் கூடாது, நெருப்புக் காட்டி உரிப்பதும் கூடாது. ஈரம் செய்து தேய்க்கலாம், அல்லது ரசாயனக் களிம்பு தடவி உரிக்கலாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். அறையின் கூரையில் (சீலிங்கில்) சொரசொரப்பான ஆர்டெக்ஸ் பூச்சு இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் (பிரிட்டனில் முழுத்தடை வந்ததே 1999-இல்தான்), தொடுவதற்கு முன் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இன்னும் பழைய வீட்டில், 1850, 60-களின் பளீர்ப் பச்சை சுவர்த்தாள் அடியில் தென்பட்டால் அதில் ஆர்செனிக் இருக்கலாம்.

கூரைக்கு வருவோம். மெல்லிய மர ரீப்பர்களை வரிசையாக அடித்து, ஆட்டு மயிரோ மாட்டு மயிரோ கலந்த சுண்ணாம்புச் சாந்தை அதில் அழுத்திப் பூசியிருப்பார்கள். இடுக்கு வழியாக மேலே பிதுங்கி மடங்கிய சாந்துதான் கொக்கி மாதிரி முழுக் கூரையையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஆடினால் அந்த இடத்தில் கொக்கி உடைந்திருக்கிறது என்று அர்த்தம். முழுவதையும் இடித்துத் தள்ளச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அகலமான வாஷர் போட்டுத் துருப்பிடிக்காத ஸ்க்ரூவால் மேலே உள்ள மரச் சட்டத்தில் இறுக்கி, அதன் மேல் சுண்ணாம்பால் மெழுகிவிடலாம். நூறு வருஷத்துக் கரித்தூசி தலையில் கொட்டாமலும் தப்பிக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை கார்னிஸ்தான். என்னுடையது ஏதோ மழுங்கிப்போன மாவுருண்டை வரிசை மாதிரி இருந்தது. விரலை நனைத்துத் தேய்த்தேன், வெள்ளையாகக் கையில் வந்தது. சுண்ணப்பொடியும் விலங்குப் பசையும் கலந்த டிஸ்டெம்பர், பத்துப் பதினைந்து பூச்சு. வெதுவெதுப்பான தண்ணீரை லேசாகத் தெளித்து, ஊற விட்டு, மரக்குச்சியாலும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலும் எடுக்க வேண்டும். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தால் ஒரு மீட்டர் முடியும், கழுத்து போய்விடும். ஆனால் மூன்றாவது வாரம் அந்த உருண்டைக்குள்ளிருந்து நரம்போடு ஒரு இலை வெளியே வந்ததைப் பார்த்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

சுவரில் காரை விழுந்த இடத்தை மட்டும் சுண்ணாம்பாலேயே அடையுங்கள். முதலில் நனைக்க வேண்டும், அப்புறம் மயிர் கலந்த சாந்து இரண்டு தடவை, கடைசியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றும் இறுகும்வரை காத்திருங்கள், ஹீட்டர் வைத்து அவசரப்படுத்தினால் வெடிக்கும், பனி உறையும் நாளில் பூசினால் உதிரும். மேலே சுண்ணாம்பு அல்லது களிமண் பெயின்ட்.

நிறத்துக்கு ஒரு வழி: கதவோரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஈர உப்புத்தாளால் குழிவாகத் தேயுங்கள், மர வளையம் மாதிரி ஒவ்வொரு காலத்துப் பூச்சும் தெரியும். என் கதவில் அடியில் இருந்தது பழுப்பு, அதில் சீப்பால் இழுத்த வரிகள். மலிவான பைன் மரத்தை ஓக் மாதிரி காட்டத் தீட்டியிருக்கிறார்கள். அதனால்தான் கதவை உரித்து வெறும் பைனாக நிறுத்துவதை நான் ஒத்துக்கொள்வதில்லை, அது 1970-களின் ஆசை. பெயின்ட் உரிக்கிற காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கினால் பசை கரைந்து மூட்டுகளும் ஆடும். கென்சிங்டனில் 18 ஸ்டாஃபர்ட் டெரஸ் வீடு, கேலிச்சித்திரக்காரர் லின்லி சாம்போர்ன் வாழ்ந்தது, பெரும்பாலும் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் வெள்ளைச் சுவர் ஆசை போய்விடும்.

தரையில் மெஷின் ஓட்டாதீர்கள். பலகையின் மேல்பக்கத்தைச் சீவினால் வண்டு அரித்த பாதையெல்லாம் வெளியே தெரியும். பலகை நடுவில் விரிப்பு போடத்தான் இருந்தது, ஓரத்தை மட்டும் அடர்நிறமாகத் தீட்டினார்கள். கழுவி, தளர்ந்த ஆணியை இறுக்கி (அடியில் கேஸ் குழாய் போகிறதா என்று பார்த்துவிட்டு), மெழுகு பூசுங்கள், போதும்.

சாஷ் ஜன்னல் (மேலும் கீழும் நகர்த்தித் திறப்பது) தூக்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் கயிறு அறுந்திருக்கும் அல்லது பெயின்ட் ஒட்டியிருக்கும், ஜன்னல் கெட்டுப்போயிருக்காது. பக்கச் சட்டத்தில் சிறு மூடி ஒன்று இருக்கும், அதைத் திறந்தால் உள்ளே இரும்புக் குண்டு. புதுக் கயிறு கட்டி, ஓரத்தில் பிரஷ் பட்டை வைத்தால் குளிர்காற்றும் குறையும்.

கணப்பு கடைசியில். அடைத்த பலகையைப் பிரித்ததும் தீ மூட்டிவிடாதீர்கள், புகைபோக்கி சுத்தம் செய்பவரை முதலில் கூப்பிடுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். லண்டனில் பெரும்பாலான இடம் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி, திறந்த கணப்பில் விறகு எரிக்க முடியாது, புகையில்லா எரிபொருள்தான். எரிக்கவே போவதில்லை என்றாலும் வாயை முழுக்க அடைக்காமல் ஒரு காற்றுத்துளை விடுங்கள். என் வீட்டில் அந்தத் துளை இல்லாததால்தான் கணப்புக்கு மேலே இருந்த தாள் மூன்று தடவை உரிந்து விழுந்தது.