மழலையர் பள்ளி நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டரை வயதுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கடிப்பார்கள். பேச்சு முழுதாக வராத வயதில் கோபத்துக்குப் பல்தான் பதில். ப்ரீகேஜி நடத்துகிறவர்களுக்கு இது புதிதல்ல. சிக்கல் அதற்கப்புறம் ஆபீஸ் ரூமில் ஆரம்பிக்கிறது. "அவங்க அம்மா கேட்டா, விளையாடும்போது விழுந்துட்டான்னு சொல்லிடுங்க மிஸ்." தாளாளர் இப்படி ஒருமுறை சொன்னால் போதும், மறைப்பதுதான் இங்கே வழக்கம் என்று எல்லா மிஸ்ஸும் புரிந்துகொள்வார்கள். அடுத்த முறை சறுக்குமரத்தில் ஒரு பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால், அந்தச் செய்தி தாளாளருக்கே வராது.

வீட்டில் சட்டையைக் கழற்றும்போது அம்மா பல் தடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நீங்களே போன் செய்துவிடுங்கள். எத்தனை மணிக்கு, எங்கே, என்ன நடந்தது, என்ன முதலுதவி செய்தோம் என்று நோட்டில் எழுதி, அழைத்துப்போக வரும்போது கையெழுத்து வாங்குங்கள். கடித்தது யார் என்பதை மட்டும் சொல்ல வேண்டாம். கட்டாயம் கேட்பார்கள். சொல்லிவிட்டால் சாயங்காலமே கேட்டில் இரண்டு குடும்பம் சண்டைக்கு நிற்கும். 'கடிக்கிற பையன்' என்ற பெயர் யுகேஜி வரை அவனை விடாது.

பாலியல் புகார் வரும்போது "முதல்ல நாமே விசாரிப்போம்" என்பது இதைவிடப் பெரிய தவறு. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 19ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ஆதாரம் தேடுவது போலீஸ் வேலை. நாலு பேர் மாறி மாறிக் கேட்டால் பிள்ளை பயந்து வாயை மூடிக்கொள்ளும், வழக்கும் கெடும். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவருக்கு அதே சட்டம் பாதுகாப்பும் தருகிறது. யாரிடம் போவது என்று குழப்பமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யலாம்.

எதற்கெடுத்தாலும் ஆயாம்மாவை வேலையை விட்டு நிறுத்துவது இன்னொரு வழக்கம். ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுவதையும் கழிவறைக்குக் கூட்டிப்போக ஒற்றை ஆளை விட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை.

அழுகிற பிள்ளை, உடை மாற்றுகிற பிள்ளை போட்டோவெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் எதற்கு? ஃபேன்சி டிரஸ் போட்டோவாகவே இருந்தாலும், பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் போடாதீர்கள்.

அப்புறம், கேட்டில் நாலு பேர் நிற்கும்போது "உங்க பையன் இன்னும் பேசலையே, ஆட்டிசமா இருக்குமோ?" என்று கேட்பது. ஆட்டிசமா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். தாளாளர், வகுப்பில் கண்டதைத் தேதியோடு குறித்துவைத்து, பெற்றோரைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லலாம்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, மற்ற பிள்ளைகளோடு சேர்வதில்லை என்கிற மாதிரி. கூடவே, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடு போன்றவற்றைப் பார்க்க இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் (DEIC) இலவசமாகவே பரிசோதிப்பார்கள் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.