பயமா, கோபமா? பதற வைக்கும் அரசியல் செய்தியைக் கையாளும் முறை

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பதற வைக்கும் செய்தி வந்தால், "பதறாதீங்க, அமைதியா இருங்க" என்று யாராவது பதில் போடுவார்கள். அது பெரும்பாலும் எடுபடாது. பதற்றம் என்று நாம் மொத்தமாகச் சொல்வதற்குள் பயமும் கோபமும் தனித்தனியாக இருக்கின்றன, இரண்டும் ஆளை வெவ்வேறு பக்கம் இழுக்கின்றன. பயந்தவருக்கு நம்பகமான தகவலும் செய்வதற்கு ஒரு வேலையும் வேண்டும். கோபத்தில் இருப்பவரிடம் அதே தகவலை நீட்டினால் நீங்களும் எதிரணி ஆகிவிடுவீர்கள். அவருக்கு முதலில் வேண்டியது வேகத்தடை. எனவே எது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் வேலை ஆரம்பிக்கிறது.

வினைச்சொல்லைப் பாருங்கள்

பயமூட்டும் செய்தி எதிர்காலத்தில் பேசும்: "வரப்போகிறார்கள்", "பிடுங்கிக்கொள்வார்கள்", "அடுத்தது உங்கள் தெரு". யார், எப்போது என்பது மங்கலாகவே இருக்கும். கோபமூட்டும் செய்தி நடந்து முடிந்ததைப் பேசும்: "செய்துவிட்டார்கள்", "ஏமாற்றினார்கள்", "கேட்க நாதியில்லை". அதில் குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே வைத்திருக்க மாட்டார்கள்.

அதிகம் சுற்றும் ஃபார்வேர்டுகள் இரண்டையும் கலந்திருக்கும். முதல் இரண்டு வரி பயம், மூன்றாவது வரியில் ஒரு சாதியோ மதமோ வெளிமாநிலத்தவரோ, பிறகு கோபம், கடைசியில் "மானம் இருந்தால் பகிரவும்". இந்த வரிசை தற்செயல் அல்ல. பயத்தோடு விட்டால் படித்தவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு எதிரியைக் காட்டினால்தான் பயம் கோபமாகி வெளியே கிளம்பும்.

கருத்து எப்படி மாறுகிறது

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஜெனிஃபர் லெர்னரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கா முழுவதிலுமிருந்து ஆயிரம் பேருக்குச் சற்றுக் குறைவானவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தி 2003இல் வெளியிட்டார்கள். தாக்குதல் பற்றி ஒரு சாராரிடம் பயத்தைக் கிளறினார்கள், இன்னொரு சாராரிடம் கோபத்தைக் கிளறினார்கள். பயந்தவர்கள் ஆபத்தைக் கூட்டி மதிப்பிட்டு, முன்னெச்சரிக்கைக்கும் சமரசத்துக்கும் சாய்ந்தார்கள். கோபப்பட்டவர்கள் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டு, தண்டிக்கும் கொள்கைகளை ஆதரித்தார்கள். எல்லோரும் பார்த்தது ஒரே தாக்குதலைத்தான்.

கோபம் தைரியத்தையும் தருகிறது என்பதைக் கவனியுங்கள். ஊர்வலம், வாக்குச்சாவடி, கைகலப்பு எல்லாவற்றுக்கும் ஆளைக் கிளப்புவது அதுதான். பயம் ஒதுங்க வைக்கும், ஆனால் ஒதுங்கும் இடம் பாதுகாப்பானது என்று நம்பிவிடக் கூடாது. அதே தாக்குதலுக்குப் பின் விமானத்துக்குப் பயந்து நிறையப் பேர் காரில் போனார்கள். அதனால் அடுத்த 12 மாதங்களில் சாலையில் ஏறக்குறைய 1,500 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் கணக்கிட்டார்.

நம் ஊரில் 2023 மார்ச்சில் நடந்ததில் இரண்டையும் அருகருகே பார்க்கலாம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சம்பந்தமே இல்லாத வீடியோக்கள் பரவின. திருப்பூரில் வேலை பார்த்தவர்களுக்கு அது பயமாகப் போய்ச் சேர்ந்தது. ஊருக்குப் போய்விடலாமா என்று யோசித்தார்கள். பீகாரில் அதே வீடியோ கோபமாகி சட்டமன்றம் வரை போனது. அங்கிருந்து அதிகாரிகள் குழு தமிழ்நாட்டுக்கு வந்து விசாரித்தது, தமிழ்நாடு காவல்துறை தகவல் பொய் என்று மறுத்து வழக்குகள் பதிந்தது. அந்த மார்ச் 8 ஹோலி. பண்டிகைக்கு ஊர் போகிறவர்களின் ரயில் நிலையக் கூட்டமே தப்பி ஓடுகிறவர்களின் கூட்டமாகக் காட்டப்பட்டது. படம் உண்மையாக இருந்தாலும் அதன் கீழே எழுதிய வரி பொய்யாக இருக்க முடியும்.

பயமூட்டும் செய்தி வந்தால்

செய்தியை ஒரே வரியில் தாளில் எழுதுங்கள்: எந்த ஊர், எந்தத் தேதி, யாருக்கு என்ன. மூன்றில் இரண்டு காலியாக இருந்தால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வானிலை மையத்தின் மழை எச்சரிக்கையே போதும். அதில் மாவட்டம் இருக்கும், நாள் இருக்கும், மஞ்சளா ஆரஞ்சா சிவப்பா என்று அளவு இருக்கும். பயப்பட வேண்டிய விஷயம் என்றால் அதைச் சொல்லும் முறை இது.

பிறகு தேடுங்கள். செய்தியில் உள்ள வாசகத்தை அப்படியே கூகுளில் ஒட்டினால் அதே ஃபார்வேர்டைப் பகிர்ந்த பக்கங்களே வரும். ஊர்ப் பெயர், சம்பவம், கூடவே "வதந்தி" அல்லது "போலி" என்று போட்டுத் தேடுங்கள். தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம், யூடர்ன் என்ற உண்மை சரிபார்ப்புத் தளம் போன்றவற்றில் ஏற்கெனவே விளக்கம் இருக்கலாம்.

வீடியோ என்றால் மூன்று இடங்களில் நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்: கடைப் பலகை தெரியும் இடம், வண்டி நம்பர் தெரியும் இடம், போலீஸ் சீருடை தெரியும் இடம். மேலே ஒட்டியிருக்கும் எழுத்தை வெட்டிவிட்டு, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். எழுத்தோடு போட்டால் தேடல் அந்த எழுத்தின் பின்னால் போய்விடும். வரும் முடிவுகளில் மிகப் பழையது எது என்பதே முக்கியம். பின்னணியில் கேட்கும் மொழியையும் விடாதீர்கள். கடைசியாக, வீடியோ சட்டென்று முடிகிறதா என்று பாருங்கள். 2018இல் குழந்தை கடத்தல் வதந்தியோடு சுற்றிய வீடியோ, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்டது. பைக்கில் வந்தவர்கள் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, வாசகம் எழுதிய அட்டையைக் காட்டும் பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள். அந்த வதந்தி ஓடிய மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரார் அடித்தே கொன்றார்கள்.

தேடலுக்குக் கால் மணி நேரம் போதும். பயந்தவர் நிறையத் தேடுவார் என்பது உண்மைதான், ஆனால் நடுநிலையாகத் தேட மாட்டார். குடியேற்றம் பற்றி அமெரிக்காவில் பெதனி ஆல்பர்ட்சனும் ஷானா கடாரியனும் செய்த ஆய்வில், பதற்றத்தில் இருந்தவர்கள் அச்சுறுத்தும் செய்திகளையே கூடுதலாகப் படித்தார்கள், அவற்றையே நினைவில் வைத்தார்கள். இரவு பதினொரு மணிக்கு ஆரம்பித்த தேடல் ஒரு மணிக்கு முடியும்போது பயம் இரட்டிப்பாவது இதனால்தான்.

அடுத்து, பயந்தவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். 1965இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை டெட்டனஸ் தடுப்பூசி போட வைக்க ஒரு சோதனை நடந்தது. பயமுறுத்தும் கையேட்டைப் படித்தவர்கள் ஊசி போட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் எங்கே, எப்போது, எந்த வழியாக என்று வரைபடத்தோடு சொல்லப்படாதவர்களில் 3 சதவீதம் பேர்தான் போய்ப் போட்டுக்கொண்டார்கள். சொல்லப்பட்டவர்களில் அது 28 சதவீதம் அளவுக்கு உயர்ந்தது. வழி காட்டாத பயம் ஒன்று முடங்க வைக்கும், அல்லது "அதெல்லாம் சும்மா" என்று மறுக்க வைக்கும். எனவே "ஜாக்கிரதையா இருங்க" என்று நிறுத்தாமல், "நாலு மணிக்கு ஸ்கூல் வாசலில் அத்தை நிற்பாங்க, சந்தேகமா யாரையாவது பார்த்தா 112, குழந்தை விஷயம்னா 1098" என்று சொல்லுங்கள்.

கோபமூட்டும் செய்தி வந்தால்

இங்கே உண்மை சரிபார்ப்பு இரண்டாவது வேலை. முதல் வேலை, பதில் பெட்டியில் எதையும் அடிக்காமல் இருப்பது. அடித்து அழிப்பதும் வேண்டாம். எழுத எழுதக் கோபம் தனக்கான வாதங்களைச் சேர்த்துக்கொள்ளும்.

அடுத்து, செய்தியைக் காவல்நிலைய எழுத்தர் எழுதுவது போல நீங்களே திருப்பி எழுதுங்கள். "வெறி பிடித்த கும்பல் நம் பிள்ளைகளைக் கொடூரமாகத் தாக்கியது, வேடிக்கை பார்த்த போலீஸ்" என்று வந்தால், "இந்த ஊரில், இந்தத் தேதியில், இரு தரப்புக்கிடையே கைகலப்பு. மூவருக்குக் காயம். வழக்கு விவரம் இல்லை" என்று ஆகும். வெறி, நம், கொடூரம் எல்லாம் போய்விட்டன. அந்தச் சொற்கள் சும்மா வந்து உட்காரவில்லை. ட்விட்டரில் அரசியல் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒவ்வொன்றும் பதிவின் பரவலை ஏறக்குறைய 20 சதவீதம் கூட்டியது. எழுதுகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்கலாம், அனுபவத்தில் தெரியும்.

திருப்பி எழுதியதைப் படித்தும் கோபம் மிச்சம் இருந்தால் அது பெரும்பாலும் நியாயமான கோபம். மிச்சமில்லை என்றால் அது சொற்களுக்கு வந்த கோபம்.

இந்தப் பயிற்சி வீண் வேலை இல்லை. இஸ்ரேலில் உளவியலாளர் எரான் ஹால்பெரினும் சகாக்களும், கோபமூட்டும் விஷயங்களை விஞ்ஞானியைப் போல விலகி நின்று பார்க்க ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்தும் ஐந்து மாதம் கழித்தும் கேட்டபோது, பயிற்சி பெற்றவர்கள் பாலஸ்தீனர்கள் விஷயத்தில் சமரசக் கொள்கைகளுக்குக் கூடுதல் ஆதரவு தெரிவித்தார்கள். அவ்வளவு பழைய பகையிலேயே அசைவு தெரிந்தது.

இன்னும் இரண்டு சோதனைகள். செய்தியில் உள்ள கூட்டத்தின் பெயரை எடுத்துவிட்டு உங்கள் கூட்டத்தின் பெயரைப் போட்டுப் படியுங்கள். "ஒருத்தன் செய்ததுக்கு எல்லாரையும் சொல்லலாமா" என்று உடனே தோன்றினால், மூலச் செய்திக்கும் அதே கேள்விதான். அடுத்து, எழுவாயை எண்ணுங்கள். முதல் வரியில் ஒருவர் இருப்பார், மூன்றாவது வரியில் "இவர்கள்" வந்திருப்பார்கள். எந்த வரியில் ஒருமை பன்மையானதோ அங்கேதான் கை வைத்திருக்கிறார்கள்.

நியாயமான கோபத்தை அடக்கச் சொல்லும் அறிவுரை தவறு செய்தவருக்குத்தான் வசதி. அதற்கு விலாசம் கொடுங்கள். ரோடு போட்டதாகக் கணக்கு காட்டி ரோடே இல்லை என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள், பதிலுக்குக் கெடு 30 நாள். "ஏன் ஊழல்?" என்று கேட்டால் பதில் வராது. "இந்தப் பணிக்கான அளவுப் புத்தக நகலும் பில் நகலும்" என்று ஆவணத்தைக் கேளுங்கள் (செய்த வேலையை அளந்து பதிவதுதான் அளவுப் புத்தகம்). கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். அங்கே பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

பகிர்ந்தது உங்கள் சித்தப்பா என்றால்

குரூப்பில் மறுக்காதீர்கள். பத்துப் பேர் முன்னால் திருத்தினால், செய்தி பொய் என்று தெரிந்தும் மரியாதைக்காக அதையே பிடித்துக்கொள்வார். தனியாகப் போன் செய்யுங்கள். ஃபேக்ட் செக் லிங்க்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"சித்தப்பா, அது எந்த ஊர்ல நடந்ததாம்? உங்களுக்கு யார் அனுப்பினாங்க?" என்று ஆரம்பிக்கலாம். பிறகு, "உங்களுக்குத் தெரிஞ்சு அவங்ககிட்ட இப்படி ஏதாவது நேரிலே நடந்திருக்கா?" என்று கேட்டுவிட்டு உண்மையிலேயே காது கொடுங்கள். அடுத்ததாக, அவரையே யாராவது ஒரு கூட்டத்தோடு சேர்த்துத் தப்பாகப் பேசிய சமயத்தை நினைவுபடுத்தச் சொல்லுங்கள். மயாமியில் வீடு வீடாகப் போய் இப்படிப் பத்து நிமிடம் பேசியதில், திருநங்கைகள், திருநம்பிகள் மீதான வெறுப்பு குறைந்து குறைந்தது மூன்று மாதம் நீடித்ததாக டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் 2016இல் பதிவு செய்தார்கள். இது கெட்டுப்போவது, நாம் கேள்வி கேட்பது போல வாதம் செய்யும்போது. "அப்ப நீங்க சொல்றது தப்புதானே?" என்ற ஒரு வரி போதும், பேச்சு முடிந்துவிடும்.

குரூப்பில் திருத்தம் போட்டே ஆக வேண்டும் என்றால் உண்மையை முதல் வரியில் வையுங்கள், பொய்யை ஒரே முறை சொல்லுங்கள், மறுபடி உண்மையில் முடியுங்கள். பொய்ச் செய்தியின் படத்தையே எடுத்து மேலே "பொய்" என்று முத்திரை குத்திப் போட்டால், அவசரத்தில் பார்ப்பவருக்குப் படம்தான் மனதில் நிற்கும்.

தேர்தல் வாரத்தில்

பிரச்சார வீடியோவை ஒருமுறை சத்தமில்லாமல் பாருங்கள். இருட்டுப் படமும் பதற்ற இசையும் வாக்காளரின் மனதை மாற்றுவதை அமெரிக்காவில் அரசியல் ஆய்வாளர் டெட் பிரேடர் சோதித்துக் காட்டியிருக்கிறார். இசை போனால் மிஞ்சுவது எவ்வளவு என்று தெரிந்துவிடும். நம் நாட்டில் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரச்சாரம் ஓய வேண்டும். அந்த இடைவெளியில் புதிதாக முளைக்கும் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு நேரம் இருக்காது என்பதும் அனுப்புகிறவருக்குத் தெரியும்.

குரூப் அட்மினுக்கு

இரட்டை அம்புக்குறி உள்ள செய்தி பல கை மாறி வந்தது. வாட்ஸ்அப் அதை ஒரு நேரத்தில் ஒரே சாட்டுக்குத்தான் அனுப்ப விடும். காப்பி செய்து ஒட்டினாலும் ஸ்க்ரீன்ஷாட்டாகப் போட்டாலும் அந்தக் குறி வராது, ஆகவே குறி இல்லாததை அனுப்பியவரின் சொந்தச் செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளூர் வதந்தி ஓடும்போது அடுத்தவர் போட்டதையும் அட்மின் எல்லோருக்கும் நீக்கலாம். நீக்கிய கையோடு காரணத்தை ஒரு வரியில் போடுங்கள், இல்லையென்றால் எதையோ மறைக்கிறார்கள் என்று அடுத்த வதந்தி கிளம்பும். நிலைமை மோசமானால் அட்மின்கள் மட்டும் எழுதும்படி அமைப்பை மாற்றி வையுங்கள். சில மணி நேரம் போதும், அதிகம் போனால் ஒரு நாள். அதற்கு மேல் பூட்டினால் அட்மின் இல்லாத இன்னொரு குரூப் தொடங்கிவிடுவார்கள், அங்கே என்ன ஓடுகிறது என்பதே உங்களுக்குத் தெரியாது.