பழைய எம்3-க்கு ஷாக் அப்சார்பர் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிஎம்டபிள்யூ 1992-இல் அறிமுகப்படுத்தி 1999 வரை தயாரித்த இ36 வகை எம்3 கார், இன்று ஒருவர் கைக்கு வரும்போது பல கைகள் மாறித்தான் வருகிறது. முன்பு வைத்திருந்தவர்களில் ஒருவர் வண்டியைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கை மாற்றியிருக்கலாம்; இன்னொருவர் முன்பக்கம் ஒரு நிறுவனத்தின் ஸ்ட்ரட்டையும் (ஸ்பிரிங்கையும் தாங்கும் முன்பக்க ஷாக் அப்சார்பர்) பின்பக்கம் வேறொரு நிறுவனத்தின் ஷாக் அப்சார்பரையும் போட்டிருக்கலாம். இவற்றையெல்லாம் பார்க்காமல் பாகப் பட்டியலில் வண்டியின் பெயரையும் ஆண்டையும் தேடி வாங்கிவிடுவதே நான் அடிக்கடி காணும் முதல் தவறு. பட்டியல் பேசுவது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டியைப் பற்றி. நம்மிடம் இருப்பது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பலர் கை வைத்த வண்டி.

ஆகவே பணத்தை எடுக்கும் முன் சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங்கின் மேல் அழியாமல் இருக்கும் எண்ணையோ வண்ணக் குறியையோ துடைத்துப் படிக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு மேலே இருக்கும் ஃபெண்டரின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் இன்னது, உயரம் இவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் எந்த ஷாக் அப்சார்பர் என்ற கேள்விக்கே பொருள் உண்டு. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்; அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே ஷாக் அப்சார்பரின் வேலை. எதை அடக்கப்போகிறோம் என்று தெரியாமல் அடக்கும் கருவியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பில்ஸ்டீன் நிறுவனத்தின் பி6, பி8 என்ற இரு வகைகளை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். பி6 அசல் உயரத்தில் இருக்கும் ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்டது. பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்காக நீளம் குறைத்துச் செய்யப்பட்டது. இரண்டும் விளையாட்டு ரகம்தானே என்று எண்ணி, தாழ்த்திய வண்டியில் பி6 போட்டால், நின்ற நிலையிலேயே ஷாக்கின் உடலுக்குள் போய்வரும் கம்பியான பிஸ்டன் ராடு வெகுவாக உள்ளே போயிருக்கும். சிறிய மேட்டிலும், ஓட்டத்தின் முடிவில் அடியைத் தாங்கும் மெத்தையான பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். இ36-இன் பின்பக்கத்தில் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. அங்கே ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதற்கு எல்லை வகுப்பதே ஷாக்கின் நீளம்தான். குட்டையான ஸ்பிரிங்கோடு நீளமான ஷாக் சேர்ந்தால், ஜாக்கி வைத்துத் தூக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து, அது அமர்ந்திருக்கும் இடத்தை விட்டு நகரக்கூடும். மாறாக, அசல் ஸ்பிரிங்கில் பி8 போட்டால், பள்ளத்தில் சக்கரம் இறங்க வேண்டிய நேரத்தில் ராடு எல்லையைத் தொட்டு 'டக்' என்று ஓசை எழுப்பும்.

இ36 வரிசையில் எல்லா மாடல்களின் ஸ்ட்ரட்டும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எம்3-இல் முன்பக்க ஸ்டெபிலைசர் பாரின் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இணைப்புத் தண்டான லிங்க் ராடு ஸ்ட்ரட்டின் உடலில் உள்ள காதில் மாட்டப்படுகிறது; சாதாரண மாடல்களில் அது கீழே, சக்கரத்தைத் தாங்கும் கையான கண்ட்ரோல் ஆர்மோடு சேர்கிறது. விலை குறைவு என்று சாதாரண மாடலான 325-இன் ஸ்ட்ரட்டை வாங்கினால் அந்த லிங்க் ராடை மாட்ட இடமே இருக்காது.

அடுத்தது, கடினமாக இருந்தால் வண்டி நன்றாகத் திரும்பும் என்ற நம்பிக்கை. இது பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. இதனால் நல்ல வண்டிகள் வீணாவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ஷாக் அப்சார்பருக்கு இரண்டு வேலைகள் உண்டு. சக்கரம் மேலே வரும்போது தடுப்பது கம்ப்ரஷன். அழுந்திய ஸ்பிரிங் விரியும்போது தடுப்பது ரீபவுண்ட். சாலையில் ஓடும் வண்டிகளுக்கு ரீபவுண்ட் தடையைக் கம்ப்ரஷன் தடையைவிடக் கூடுதலாக வைப்பதே வழக்கம். கோனி நிறுவனத்தின் மஞ்சள் நிற ஸ்போர்ட் வகையில் நாம் திருகி மாற்றக்கூடியது ரீபவுண்ட் மட்டுமே. அதை முழுவதும் இறுக்கிவிட்டால் வண்டி விறைப்பாகத் தோன்றும். ஆனால் அடுத்தடுத்து மேடுகள் வரும் சாலையில் ஒரு மேட்டில் அழுந்திய ஸ்பிரிங் விரிந்து முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு மேட்டிலும் வண்டி சிறிது சிறிதாகக் கீழே இறங்கி, கடைசியில் பம்ப் ஸ்டாப்பின் மீதே ஓடும். அந்த நிலையில் டயர் சாலையைப் பிடிக்காமல் துள்ளும், ஓட்டுபவரோ இன்னும் கடினமான ஸ்பிரிங் வேண்டும் என்று முடிவு செய்வார்.

இ36-க்கான கோனியில் முன்பக்கத்தை பானெட்டைத் திறந்து மேலிருந்தே திருகிவிடலாம். பின்பக்கத்துக்கு ஷாக்கைக் கழற்றி, ராடை முழுவதும் உள்ளே அழுத்தித்தான் திருக முடியும். இதை அறியாமல் பொருத்திவிட்டுப் பிறகு வேலையை இரண்டு முறை செய்கிறார்கள். மிகத் தளர்ந்த நிலையிலிருந்து தொடங்கி, பின்பக்கத்தின் அளவை ஒரு தாளில் குறித்துக்கொண்டு மாட்டுவது நல்லது.

இனி, ஷாக்கை மட்டும் மாற்றிவிட்டு அதைச் சுற்றியிருக்கும் பாகங்களை அப்படியே விடும் தவறு. இ36-இல் இது வண்டியின் உடலையே பாதிக்கும். டிக்கியின் பக்கவாட்டு விரிப்பை விலக்கினால் பின் ஷாக்கின் மேல்முனையை வண்டியின் உடலோடு இணைக்கும் மவுண்டின் இரண்டு போல்ட்டுகள் தகட்டைத் துளைத்து மேலே வந்திருப்பதைக் காணலாம். மவுண்டின் ரப்பர் கிழிந்துவிட்டால் ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராக அந்த மெல்லிய தகட்டின் மீது விழுகிறது. நான் வாங்கிய கூபேயில் நட்டைச் சுற்றியிருந்த பெயிண்டில் முடிபோல ஒரு கோடு தெரிந்தது. விரல் நகத்தால் சுரண்டியபோது பெயிண்ட் உதிர்ந்து, அடியில் தகடே விரிசல் விட்டிருந்தது. முன்னவர் புதிய, கடினமான ஷாக்கைப் பழைய மவுண்டிலேயே போட்டிருந்தார். விரிசலை வெல்டிங் செய்து, புதிய மவுண்டும் டிக்கியின் உட்புறம் வலுவூட்டும் தகடும் வைத்த பிறகே அந்த மூலை அமைதியானது. அந்தத் தகட்டின் விலை ஷாக்கின் விலையோடு ஒப்பிட ஒன்றுமில்லை.

முன்பக்கத்தில் மேல் மவுண்ட், அதன் பேரிங், ராடைத் தூசியிலிருந்து காக்கும் உறையான டஸ்ட் பூட், பம்ப் ஸ்டாப் ஆகிய நான்கையும் புதிதாகவே வாங்க வேண்டும். எத்தனை ஓட்டத்துக்குப் பிறகும் பழைய பம்ப் ஸ்டாப் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கையில் எடுத்து அழுத்தினால் பிஸ்கட்போல நொறுங்கும். வண்டி தாழ்ந்திருந்தால் அதன் நீளமும் ஸ்ட்ரட் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கே இருக்க வேண்டும். சில ஸ்ட்ரட்டுகளுக்குள்ளேயே பம்ப் ஸ்டாப் இருக்கும் என்பதால், வெளியே இன்னொன்றைச் சேர்ப்பதும் தவறாகிவிடும்.

பொருத்தும்போது நிகழும் ஒரு தவறு நல்ல தேர்வையும் கெடுத்துவிடும். மேல் நட்டை இறுக்கும்போது ராடும் சேர்ந்து சுழலும். அதை நிறுத்த, பளபளக்கும் ராடைக் குறடால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். குறட்டின் பல் பதிந்த அந்தச் சிறு கீறல் ஒவ்வொரு முறை உள்ளே போய்வரும்போதும் ஆயில் சீலை அறுக்கும். சில வாரங்களில் புதிய ஸ்ட்ரட் எண்ணெய் வழியும். ராடின் முனையில் இதற்கென்றே ஆலன் கீக்கான குழியோ தட்டையான பக்கமோ இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நட்டைக் கையால் இறுக்க வேண்டும், அடித்துச் சுழற்றி இறுக்கும் இம்பாக்ட் கன் கூடாது. பின் ஷாக்கின் கீழ் போல்ட்டையும் சக்கரம் தொங்கும் நிலையில் கடைசிவரை இறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தின் மீது இறங்கிய பிறகு இறுக்கினால்தான் புஷ்ஷின் ரப்பர் முறுக்கேறாமல் இருக்கும்.

எல்லாக் கோளாறுக்கும் ஷாக் அப்சார்பரையே குற்றம் சாட்டுவதும் சரியல்ல. வேகத்தில் பின்பக்கம் அலைவதற்கு இ36-இல் டிரெய்லிங் ஆர்ம் புஷ் (பின்சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர் இணைப்பு) தேய்ந்திருப்பது மிகப் பொதுவான காரணம். ஃபெண்டரைக் கையால் அழுத்திப் பார்க்கும் சோதனை, கடினமான ஸ்பிரிங் உள்ள வண்டியில் ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது. ராடின் அருகே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தால் அது கசிவு ஆகாது. சொட்டாகச் சேர்ந்து உடல் முழுவதும் நனைந்திருந்தால்தான் கசிவு. கசிவது ஒன்றே ஆனாலும் அந்த ஆக்சிலின் (முன் அல்லது பின் சக்கர ஜோடியின்) இரண்டையும் மாற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், ராடு வெளியே தெரியும் அமைப்பாக இருந்தால் டஸ்ட் பூட்டை உயர்த்தி, ராடைச் சுற்றி ஒரு சிறிய கேபிள் டையை மாட்டி, உடலின் விளிம்பு வரை தள்ளி வைப்பேன். நூறு கிலோமீட்டர் வழக்கமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், ராடு எவ்வளவு ஆழம் உள்ளே போனது என்பதை அது நின்ற இடம் காட்டும். பம்ப் ஸ்டாப் வரை தள்ளப்பட்டிருந்தால் உயரமோ ஸ்பிரிங்கோ தவறு. இடையில் நின்றிருந்தால் கேபிள் டையைக் கழற்றிவிட்டு, உயரத்தை மீண்டும் அளந்து, அன்றே அலைன்மெண்டுக்குக் கொண்டுபோகலாம்.